பேச முடிகிற வேகம்

ஓடும்போது மயங்கி விழுகிற எல்லாப் பிள்ளைக்கும் வெயில் காரணமல்ல. இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவை இதைச் சுற்றி நடந்தவை. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் சுருக்கமாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

நான் விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஈரத்தாளில் நெல்லை வரிசையாக வைத்து, சில நாள் கழித்து முளைத்ததையும் முளைக்காததையும் பிரித்து எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்தபிறகும் நான் அதையேதான் செய்கிறேன் என்பார் என் கணவர் இளங்கோவன். தினமும் டைரி எழுதுவேன். அதைச் சொல்கிறார்.

எங்கள் மகள் கயல்விழி அப்போது ஏழாம் வகுப்பு. பூதலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளியின் தொடர் ஓட்ட அணியில் கடைசியாகக் குச்சி வாங்கி ஓடுகிறவள் அவள்தான். பயிற்சியின்போது குச்சியை வாங்கினாள், நன்றாக ஓடினாள், பாதி வழியில் வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, "குச்சி எங்க?" என்று கேட்டாளாம்.

"வெயிலுங்கம்மா," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். "காலைல சாப்ட்டு வந்தாளா?"

சாப்பிட்டாள். இட்லியும், அதற்குமேல் எனக்கு வைத்திருந்த இட்லியும்.

அடுத்த வாரம் முழுக்க ஊரே வைத்தியம் சொன்னது. இரத்தச் சோகை என்றார்கள், வயசுக்கு வரப்போகிறாள் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த முருங்கைக்கீரையில் ஒரு கறவை மாட்டை வளர்த்திருக்கலாம். எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வெயிலில் மயங்குகிற பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும்போது மயங்குவார்கள். காலை வழிபாட்டில் பார்த்திருக்கிறேன். தலை சுற்றுகிறது என்று முன்கூட்டியே சொல்வார்கள். இவள் ஓட்டத்தின் நடுவில், ஒரு வார்த்தை சொல்லாமல் விழுந்தாள். இதைப் பூதலூர் டாக்டரிடம் சொன்னபோது அவர் மருந்துச் சீட்டை மூடி வைத்துவிட்டு ஈ.சி.ஜி. எடுத்தார். எடுத்ததைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார்.

தஞ்சாவூரில் இதய மருத்துவர் ஓர் இளம்பெண். காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் வாங்கியவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அங்கே வயசானவர்கள்தான் நோயாளி, சின்னவர்கள் துணைக்கு வந்தவர்கள். ஒரு பெரியவர் கயலிடம், "தாத்தாவைக் கூட்டியாந்தியா பாப்பா?" என்று கேட்க, அவள் தன் அப்பாவைக் காட்டினாள். என் கணவர் அன்று மாலையே தலைக்குச் சாயம் வாங்கினார்.

டாக்டர் ஈ.சி.ஜி. தாளை விரித்து, "வீட்ல பம்புசெட் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க டாக்டர். கோர்ட்ல இருக்கு," என்றார் என் கணவர்.

டாக்டர் அதைப் புரிந்துகொள்ள முயலாமல் மேலே போனார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்த துடிப்புக்காக மறுபடி மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஈ.சி.ஜி. கோட்டில் இருக்கும் மேடுபள்ளங்களுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். அதில் க்யூ என்கிற இடத்திலிருந்து டி என்கிற இடம் முடியும் வரை உள்ள நேரம்தான் இந்தத் துடிப்பும் மறுசேர்ப்பும். சிலருக்குப் பிறவியிலேயே அது நீளம். சும்மா இருக்கும்போது தொல்லை இல்லை. ஓடும்போதோ நீந்தும்போதோ துடிப்பு வேகமெடுக்கும். சேர்த்து முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்து மோதினால் தாளம் கெட்டு, மூளைக்கு இரத்தம் போகாமல் மயக்கம் வரும். பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

"ஆகலைன்னா?" என்றேன்.

"அதுக்குத்தான் இப்பவே வந்திருக்கீங்க," என்றார் டாக்டர். அந்தப் பதிலை நான் டைரியில் எழுதவில்லை.

"கன்டென்சர் மாத்தணுங்களா?" என்றார் என் கணவர். பம்புசெட்டை அவர் இன்னும் விடவில்லை.

"மாத்திரை இருக்கு. ஆனா முதல்ல உறுதி பண்ணணும். இவளோட ஈ.சி.ஜி. எல்லைக்கோட்டுல நிக்குது. ஆமாம்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. ஓடவிட்டுப் பாக்கணும். இது பரம்பரையா வர்றது. உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? வலிப்பு, மயக்கம், தண்ணில மூழ்குறது, இந்த மாதிரி?"

என் பக்கம் இல்லை என்றேன். தன் பக்கமும் இல்லை என்றார் என் கணவர்.

"சரி, தாத்தா பாட்டியிலேர்ந்து ஒரு வம்சாவளி வரைஞ்சு குடுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கயல் பிறந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை. மஞ்சள் பையில் கைவிட்டு, "ரெடியா இருக்குங்க. வி.ஏ.ஓ. கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு," என்று எடுத்து நீட்டினார். கிராம நிர்வாக அலுவலர் சான்றளித்த வம்சாவளியை எந்த நோயாளியும் தன்னிடம் கொண்டுவந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். என் கணவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனார் பண்ணையாளாக இருந்து, குத்தகைக்காரராகி, கடைசியில் கொஞ்சம் நஞ்சைக்குச் சொந்தக்காரரானவர். கட்சிக்காரர். பிள்ளைகளுக்குத் தூய தமிழில் பெயர் வைத்தார், மேடையில் தாலியில்லாமல் கல்யாணம் செய்துவைத்தார், ஆனால் நிலத்தை மட்டும் பிரித்து வைக்காமல் போய்விட்டார். அதுவும் அமைதியாகத்தான் கிடந்தது. பிறகு புறவழிச்சாலை வந்தது. ஓர் ஆட்சியில் அதன் கோடு ஊருக்கு வடக்கே போனது. ஆட்சி மாறியதும் கோடு தெற்கே இறங்கி எங்கள் வயலில் படுத்துக்கொண்டது. இழப்பீடு என்றதும், அதுவரை வரப்பில் உட்கார்ந்து ஒரே தூக்கில் சோறு தின்ற அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு வக்கீலும் ஆளுக்கொரு மஞ்சள் பையும் வாங்கினார்கள். அண்ணன் அறிவழகன், எனக்கு மச்சாண்டார், நேரில் மாமா என்று கூப்பிடுவேன். வழக்கு போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஓட்டச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை ஓடக்கூடாது, ஆற்றில் இறங்கக்கூடாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். வீட்டில் அதற்குமேல் பல துணை விதிகள் பிறந்தன. குதிக்கக்கூடாது. மாடிப்படி ஏறக்கூடாது. பட்டாசுச் சத்தம் கூடாது என்று பக்கத்துத் தெருச் சாவு ஊர்வலத்தைச் சுற்றுவழியில் போகச் சொல்லி என் கணவர் கேட்டுவந்தார்; அவர்களும் போனார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் தினமும் தன் வண்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டார். வேகம் கூடாது என்று அவர் ஓட்டிய லட்சணத்தில் சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள்.

"அம்மா, மூச்சு விடலாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வாயாடாத."

"நான் திரும்ப ரிலேல ஓடுவேனா, அதை மட்டும் சொல்லு."

தெரியாததை நான் சொல்வதில்லை. அவள் ஓட்டக் காலணியைத் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

இதற்கிடையில் நோய் யாருடையது என்ற விசாரணையும் நடந்தது. என் கணவரின் சொந்தக்காரர்கள் வருத்தம் விசாரிக்க வந்து, போகும்போது, "உங்க வீட்டுப் பக்கமா இருக்கும் மல்லிகா," என்று என்னிடம் விட்டுப் போனார்கள். குத்தாலத்தில் இருக்கும் என் தம்பி ரோஷம் வந்து தானாகப் போய் ஈ.சி.ஜி. எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழே 'நாங்க சுத்தம்' என்று எழுதியிருந்தான்.

மச்சாண்டாருக்குச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. தம்பி ஒரு மருத்துவமனையில் வம்சாவளி கொடுத்திருக்கிறான், இரத்தச் சொந்தம் எல்லோரும் வந்து இரத்தம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இதை யார் கேட்டாலும் நிலத்தைப் பற்றி என்ன நினைப்பார்களோ அதைத்தான் அவரும் நினைத்தார். சோதனை நாளன்று தன் மஞ்சள் பையோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டார்.

"எதுக்குன்னு தெரிஞ்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்ம்மா," என்றார் என்னிடம். "புள்ளைக்கு எப்படி இருக்கு?" இரண்டில் எதற்காக வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பையிலிருந்து ஒரு சீப்பு பூவன் பழமும் எடுத்துக் கொடுத்தார். வழக்குக் காகிதங்களுக்கு நடுவில் இருந்ததால் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

கூடத்து நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டியவை. அண்ணன் ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலும் உட்கார்ந்தார்கள். ஒருவர் கால் ஆட்டினால் மற்றவர் குலுங்கினார். இருவரும் நிறுத்தவில்லை.

சோதனை அறைக்குள் என்னை மட்டும் விட்டார்கள். கயலின் மார்பில் ஒயர்களை ஒட்டி, கையில் இரத்த அழுத்தப் பட்டை கட்டி, ஓடுகிற பட்டைமேல் நிறுத்தினார்கள். சுவரோரம் ஆக்சிஜன் உருளையும், நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டியும் தயாராக இருந்தன. அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "வீட்ல ஓடவிடாம இங்க ஓடவிடுறதுக்கு அதுதாம்மா காரணம்," என்றார் நர்ஸ். அதற்குப் பிறகு நான் பெட்டியைப் பார்க்காமல் இருக்க நாள்காட்டியைப் பார்த்தேன்.

"யாரு கூட ஓடணும்?" என்றாள் கயல்.

"யாரு கூடயும் இல்ல," என்றார் டாக்டர்.

"அப்ப ஜெயிக்கிறது எப்படி?"

"ஜெயிக்க வேணாம். வேகமும் ஏத்தமும் கூடிக்கிட்டே போகும். முடியலைன்னா சொல்லிடு."

"சொல்ல மாட்டா," என்றேன் நான்.

சொல்லவில்லை. முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு பல நாள் அடைத்து வைத்த கன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினாள். நான் பட்டையின் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். நர்ஸ் என்னை இரண்டு முறை நகர்த்தி வைத்தார். விழவில்லை. பட்டை நின்றது, உட்கார வைத்தார்கள், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக இருந்தாள். தேறிவிட்டாள் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் விளக்கினார். ஓடும் நேரத்தைவிட, ஓடி முடித்து ஓய்வெடுக்கும் நிமிடங்கள்தான் இந்தச் சோதனையில் முக்கியம். துடிப்பு தணியும்போது, க்யூவிலிருந்து டி வரைக்கும் உள்ள நேரம் இவளுக்கு இருக்க வேண்டியதைவிட நன்றாகவே நீண்டது. சும்மா இருக்கும்போது எல்லைக்கோட்டில் ஒளிந்துகொண்டிருந்தது இப்போது வெளியே வந்துவிட்டது.

"ஓடுனதுல பாஸ், உக்காந்ததுல ஃபெயிலா?" என்றாள் கயல்.

டாக்டர் வெளியே வந்து, நாற்காலிகளின் நடுவில் உட்கார்ந்து, வி.ஏ.ஓ. சீல் வைத்த வம்சாவளியைப் பிரித்தார். சந்தேகம் ஏறக்குறைய உறுதி, குடும்பத்தில் ஒரு தடயம் கிடைத்தால் இன்னும் தெளிவாகும் என்றார்.

"அந்த வம்சாவளி தப்பு டாக்டர்," என்றார் மச்சாண்டார்.

"கவர்மெண்டு சீல் வச்சது," என்றார் என் கணவர், டாக்டரிடம்.

"சீல் வச்சா சரியாயிடுமா? எங்கப்பாவுக்கு ரெண்டு புள்ளைன்னு போட்டிருக்கான். மூணு."

"மூணாவது யாருங்க?"

மச்சாண்டார் சண்டைக்கு எழுந்த குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்தக் குரல் இல்லை. "தங்கச்சி. தமிழரசி. எனக்கு அடுத்தவ. பாவாடை சட்டை போட்டுக்கிட்டு இருந்த வயசுல வெண்ணாத்துல போயிட்டா."

"நீச்சல் தெரியாதா?"

"அவளுக்கா? எங்க தெருவுல அவதான் முதல்ல அக்கரையைத் தொடுவா. பையனுங்களே பின்னாடிதான். வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னாங்க. நடு ஆத்துல எங்கேருந்துங்க வழுக்குறது? நீந்திக்கிட்டே இருந்தா. நான் கரையிலேர்ந்து பாத்துக்கிட்டு நின்னேன். அப்படியே நின்னுட்டா."

டாக்டர் பேனாவை எடுத்து, இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு சாய்கோடு போட்டார். இறந்த பெண்ணுக்கு அவர்கள் முறையில் அதுதான் குறி.

"வாரிசு இல்லாம போனவங்களை வம்சாவளியில எழுத மாட்டாங்க," என்றார் என் கணவர் மெதுவாக. "பங்கு இல்லையில்ல. நான் கைக்குழந்தை டாக்டர். வீட்ல அவங்க பேரையே எடுக்க மாட்டாங்க."

"எனக்குப் பங்கெல்லாம் வேணாம். இறந்தவங்கதான் முக்கியமா வேணும்," என்றார் டாக்டர். மச்சாண்டாரின் பையைக் காட்டி, "உங்ககிட்ட இருக்குறதுலயாவது அவங்க பேரு இருக்கா?" என்று கேட்டார்.

மச்சாண்டார் பையை மூடிக்கொண்டார். "இது கோர்ட்டுக்குப் போட்டது டாக்டர்."

கயலுக்கு அன்றே மாத்திரை தொடங்கினார்கள். அட்ரினலின் ஏறி இதயத்தை விரட்டாமல் பார்த்துக்கொள்ளும் வகை. தினமும், தவறாமல், வாழ்நாள் முழுக்க. இந்தக் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்றும் தந்தார்கள். சாதாரணச் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கும் சில மருந்துகள்கூட அதில் இருக்கின்றன. மருந்துக்கடையில் அதைக் காட்டாமல் எதுவும் வாங்காதீர்கள். எங்கள் எல்லோருடைய இரத்தமும் மரபணுச் சோதனைக்கு வெளியூர் போனது. மச்சாண்டார் இரத்தம் கொடுத்தார். கையெழுத்தை மட்டும் தாளை மூன்று முறை படித்துவிட்டுப் போட்டார்.

முடிவு வந்த அன்று எல்லோரும் மறுபடி அதே நாற்காலிகளில் இருந்தோம். கயலுக்கு இருந்தது. அவளுக்கு என் கணவரிடமிருந்து வந்திருந்தது. அவருக்கும் மாத்திரை எழுதினார்கள். எனக்கு இல்லை. குத்தாலத்துக்கு உடனே தகவல் அனுப்பினேன்.

"உங்களுக்கு இல்லைங்க," என்றார் டாக்டர் மச்சாண்டாரிடம். "உங்க பிள்ளைங்களுக்கும் பயமில்ல."

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் சுருங்கிவிட்டது. "தமிழுக்கு இருந்திருக்கும்ங்கிறீங்க. இவனுக்கு இருக்கு. எனக்கு மட்டும் இல்லையா?"

"நல்லதுதானேங்க?"

"நல்லதுதான். ஆனா அப்பா எனக்குன்னு எதைத்தான் குடுத்தாரு?"

அப்போது என் கணவர், வழக்கு போட்டதற்குப் பிறகு முதன்முறையாக, நேராக அவரைப் பார்த்துப் பேசினார். "வேணும்னா இதுக்கும் ஒரு கேஸ் போடுங்கண்ணே."

மச்சாண்டார்தான் முதலில் சிரித்தார். இரும்புச் சட்டம் மொத்தமும் குலுங்கியது.

மாத்திரை பழகியபின் கயலை மறுபடி பட்டையில் ஓடவிட்டார்கள். இந்தமுறை துடிப்பு கட்டுக்குள் இருந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரேயடியாக உட்கார வைத்துவிடுவார்களாம். உடம்பும் மனசும் அதனாலேயே கெடுவதைப் பார்த்து இப்போது ஒவ்வொருவருக்கும் அளந்து அனுமதிக்கிறார்கள் என்றார் டாக்டர். எங்களுக்கு அளந்தது இது: தொடர் ஓட்டப் போட்டி இப்போதைக்கு இல்லை, அடுத்த சோதனையில் மறுபடி பார்க்கலாம். நீச்சல் இல்லை. தினமும் மெதுவான ஓட்டம் உண்டு, ஆனால் தனியாக இல்லை. கூட இருப்பவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"மெதுவான்னா எவ்வளவு?" என்றாள் கயல்.

"பேச முடிகிற வேகம். ஓடும்போது பேச்சு திக்குச்சுன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்."

போட்டி இல்லை என்பதற்குப் பேருந்தில் பூதலூர் வரை அழுதாள். இறங்கும்போது, "பேசிக்கிட்டே எவ்வளவு தூரம் வேணாலும் ஓடலாமா?" என்று கேட்டாள்.

மார்பை அழுத்தும் முறையை மருத்துவமனையில் பொம்மை வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நான், உடற்பயிற்சி ஆசிரியர், மச்சாண்டார் மூவரும் படித்தோம். நாற்று முடிக் கட்டுகளை உதறி உதறி வைரம் பாய்ந்த மச்சாண்டாரின் கைக்குப் பொம்மை தாங்காது என்று நர்ஸ் பயந்தார். கூட ஓட என் கணவருக்கு இன்னும் அனுமதியில்லை, எனக்கு ஆய்வக நேரம். ஆகவே காலையில் கூடப் போகும் வேலை, பரம்பரை எதுவும் கிடைக்காத மச்சாண்டாருக்குக் கிடைத்தது.

ஓடுவதற்கு எங்கள் பக்கத்தில் மேடுபள்ளமில்லாத ஒரே இடம் புறவழிச்சாலைக்காகக் கொட்டிய மண்மேடு. அது எங்கள் வயலைத்தான் இரண்டாகப் பிளந்து போகிறது. நீதிமன்றத் தடை உத்தரவால் பாதியில் நிற்கிறது. அதன் மேல் கயல் ஓடுவாள், மச்சாண்டார் பின்னால் மொபட்டில் போவார். பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்பதால் பேசிக்கொண்டே ஓடுவாள். பேச விஷயம் தீர்ந்தால் கேள்வி கேட்பாள். கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு நின்றுவிடும். இப்படி அவர் வக்கீல் அடுத்த வாய்தாவில் என்ன சொல்லப்போகிறார் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியவந்தது. எங்கள் வக்கீல் என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்கும் தெரிந்தது. வக்கீல்கள் இருவரும் கலங்கிப்போயிருக்கிறார்கள். தமிழரசி எப்படி நீந்துவாள், எந்தப் பாட்டைப் பாடுவாள் என்பதெல்லாமும் அந்த மேட்டிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கணவர் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

சென்ற வாரம் ஒரு விடுமுறைக் காலையில் மேட்டில் பேச்சு நின்றது.

நானும் என் கணவரும் கீழே வயலோரம் நின்றோம். மொபட் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. "கயல்," என்று மச்சாண்டார் போட்ட குரலில், ஓடக்கூடாத என் கணவர் தடை உத்தரவுள்ள வயலுக்குள் இறங்கி, அண்ணன் தனக்கென்று கேட்கும் பக்கத்து வரப்பைத் தாண்டி ஓடினார். அவரை நிறுத்த நான் ஓடினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மொபட் சாய்ந்து கிடந்தது. மச்சாண்டார் அழுத்துவதற்குத் தயாராக, கையின் மேல் கை வைத்து முட்டிபோட்டிருந்தார். அவர் எதிரில் கயல் நின்றுகொண்டிருந்தாள். வாய் நிறையக் கொய்யாப்பழம்.

மென்று விழுங்கும் வரை நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"வழியில பறிச்சேன்," என்றாள். "அப்பா, நீங்க எதுக்கு மூச்சு வாங்குறீங்க? பேசுங்க பாப்போம்."

அவரால் பேச முடியவில்லை. அண்ணன்தான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அப்படியே தானும் உட்கார்ந்தார். யாருடைய பாகத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அன்று இருவரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மேட்டில் கொய்யாவுக்கும் தடை. ஓட்டத்துக்கு இல்லை. இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் ஜன்னல் வழியே அவள் குரல் கேட்கிறது. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லிக்கொண்டு ஓடுகிறாள். தப்பாகத்தான் சொல்கிறாள். நான் திருத்தவில்லை.